எட்டு ஊர், 56 மேட்ச்: பழைய வட ஆற்காட்டில் ஒரு ஃபிக்சர் மாறிய விதம்

வேலூர், ஆரணி, ராணிப்பேட்டை, அரக்கோணம், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர். 1989 வரை இந்த எட்டும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். இன்று நான்கு மாவட்டங்களில் கிடக்கின்றன. கலெக்டர் ஆபீஸ்கள் பிரிந்தாலும் வாலிபால்காரர்கள் இன்னும் பழைய மாவட்டக் கணக்கிலேயே பழகுகிறார்கள். யாருடைய ஸ்மாஷ் எந்தப் பக்கம் விழும் என்பது எட்டு ஊருக்கும் தெரியும்.

இந்த எட்டு ஊர் கிளப்புகள் சேர்ந்து கோடையில் ஒரு லீக் நடத்துகின்றன. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வேன் வாடகையும் சாப்பாடும்தான். ஆனால் ஹோம்-அவே முறை உண்டு. ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு சொந்த ஊரில் ஒரு முறை, அவர்கள் ஊரில் ஒரு முறை என்று 14 மேட்ச் ஆட வேண்டும். 2025 ஐ.பி.எல்.லில் ஒரு அணிக்கு லீக் சுற்றில் இருந்ததும் அதே 14 தான், அதிலும் ஏழு ஹோம், ஏழு அவே. ஒற்றுமை அதோடு முடிகிறது.

முதல் வருடம் லீக் பாதியிலேயே தள்ளாடியது. இரண்டாம் பாதியில் வாக்கோவர்கள், அதாவது ஒரு அணி வராததால் எதிரணிக்கு ஆடாமலேயே போகும் வெற்றிகள், வரிசையாக விழுந்தன, அதுவும் கடைக்கோடியில் இருக்கும் ஊர்களிடமிருந்து. இரண்டாம் வருடம் அதே எட்டு அணிகள், அதே கோர்ட்டுகள், ஏறக்குறைய அதே பணம். மாறியது ஃபிக்சர், அதாவது யார் யாரோடு எங்கே எப்போது ஆடுவது என்ற அட்டவணை, மட்டும்தான். 56 மேட்சும் நடந்து முடிந்தன. இரண்டாவது ஃபிக்சரைப் போட்ட மூன்று பேரில் நானும் ஒருவன் என்பதால், பெரிய லீக்குகள் பயணத்தை எப்படி அடுக்குகின்றன என்பதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வருடங்களையும் எழுதிப் பார்க்கிறேன்.

முதல் ஃபிக்சரில் என்ன குறை?

காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஓய்வு பெற்ற ஒரு பி.டி. மாஸ்டர் போட்டது. நம் ஊர் டோர்னமென்ட்டுகளில் எல்லோரும் செய்கிற சுழற்சி முறை: எட்டு அணிகளுக்கும் எண் கொடுத்து, ஒன்றாம் எண்ணை அசையாமல் நிறுத்திவிட்டு, மற்ற ஏழையும் வட்டமாக ஒவ்வொரு இடம் நகர்த்த வேண்டும். ஏழு சுற்றில் எல்லோரும் எல்லோரோடும் மோதி முடித்துவிடுவார்கள். இது 19ஆம் நூற்றாண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கும் முறை.

அவர் அதோடு நிற்கவில்லை. ஒரு வாரம் ஹோம், அடுத்த வாரம் அவே என்று மாறி மாறி வரும்படி அடுக்கினார். தொடர்ந்து இரண்டு ஹோம் அல்லது இரண்டு அவே வந்தால் ஃபிக்சர் கணக்கில் அதற்கு ‘பிரேக்’ என்று பெயர். எட்டு அணிகளுக்கு ஒரு பாதியில் எப்படிப் போட்டாலும் ஆறு பிரேக்காவது வந்தே தீரும் என்று கணிதத்தில் நிரூபித்திருக்கிறார்கள். அணிகளின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்தால் வரும் எண் அது. மாஸ்டர் போட்டதில் சரியாக ஆறு பிரேக். அவர் அந்தச் சூத்திரத்தைப் படித்தவர் இல்லை, அனுபவத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு இன்றும் அந்தத் தாளைப் பார்த்தால் ஆச்சரியம்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மாறி மாறி ஹோம்-அவே என்பது கால்பந்து லீக்குகளின் வழக்கம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் எந்த ஐந்து மேட்சை எடுத்தாலும் மூன்றுக்கு இரண்டு என்று ஹோமும் அவேயும் பிரிந்திருக்கப் பார்க்கிறார்கள். சீசனை இரண்டு அவேயோடு தொடங்கவோ முடிக்கவோ எந்த அணியையும் விடுவதில்லை. அங்கே அது பொருந்துகிறது. வாரத்துக்கு ஒரு மேட்ச், நாடு சிறியது, ஆடி முடித்து அன்றிரவே வீடு திரும்பலாம்.

ஆனால் மாறி மாறி ஆடுவதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு அவே மேட்சும் தனிப் பயணமாகிவிடும். அரக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து குடியாத்தம் சுமார் 105 கிலோமீட்டர், ஆம்பூர் 120, வாணியம்பாடி 140, திருப்பத்தூர் 160. நான்கு ஊருக்கும் நான்கு ஞாயிற்றுக்கிழமை தனித்தனியாகப் போய்வந்தால் 1,050 கிலோமீட்டர் ஆகிறது. ஒரே மேற்குத் திசை, ஒரே நெடுஞ்சாலை, அதே பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை நான்கு முறை போக, நான்கு முறை வர.

மூன்றாவது பயணத்துக்கே வேனில் ஆட்கள் குறைந்தார்கள். நான்காவதுக்கு ஆறு பேர் வந்தார்கள், மாற்று ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல்.

அமெரிக்காவில் எதற்கு ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள்

தூரம் பெரிதாக இருக்கும் லீக்குகள் நேர்மாறாகச் செய்கின்றன. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஒரு அணிக்கு 82 மேட்ச், 41 ஹோம், 41 அவே. அவே மேட்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டுகிறார்கள்: ஒரு கோடிக்குப் போனால் அந்தப் பக்கத்து நான்கைந்து ஊர்களையும் முடித்துக்கொண்டுதான் திரும்புவது. பேஸ்பாலில் ஒரே ஊரில் மூன்று, நான்கு நாள் தங்கி ஒரே அணியோடு ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். இல்லையென்றால் 162 மேட்சை ஒரு சீசனில் ஆடவே முடியாது.

அந்த பேஸ்பால் அட்டவணையை 1980களின் தொடக்கத்திலிருந்து 2004 வரை போட்டுக்கொண்டிருந்தது ஹென்றி ஸ்டீஃபன்சன், ஹாலி ஸ்டீஃபன்சன் என்ற ஒரு கணவன்-மனைவி. இருபது வருடங்களுக்கு மேல் அத்தனை அணிகளின் கோடைக்காலமும் ஒரு வீட்டுக்குள் முடிவாகியிருக்கிறது. அதன் பிறகு வந்த குழுவில் மைக்கேல் டிரிக், ஜார்ஜ் நெம்ஹவுசர் போன்ற பேராசிரியர்கள் இருந்தார்கள். இவர்களும் கெல்லி ஈஸ்டனும் 2001-இல் இந்தச் சிக்கலையே ஒரு கணிதப் புதிராக எழுதி வெளியிட்டார்கள்: எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆட வேண்டும், தொடர்ந்து மூன்றுக்கு மேல் ஹோமோ அவேயோ வரக்கூடாது, மொத்தப் பயணத் தூரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. பத்து அணிகளுக்கு இதற்கு மேல் குறையாது என்று நிரூபிக்கவே கம்ப்யூட்டர்களுக்கு வருடங்கள் ஆயின.

எட்டு அணி வைத்திருக்கும் எங்களுக்கு இது ஒரு ஆறுதல். மிகச் சிறந்த ஃபிக்சரைத் தேடித் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, தாங்கக்கூடியது கிடைத்தால் போதும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதைச் சிலர் வற்புறுத்தினார்கள். புரோ கபடியில் செய்வது போல எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடி ஒரு வாரம், பத்து நாள் ஆடிவிட்டு அடுத்த ஊருக்கு மொத்தமாக நகர்வது. தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டும் அப்படித்தான்: அணியின் பெயரில் ஒரு ஊர் இருக்கும், மேட்ச் திண்டுக்கல் பக்கத்து நத்தத்தில் நடக்கும். கேமரா, லைட், ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இறக்கலாம் என்பதால் டிவிக்கு அது லாபம். எங்களிடம் டிவி இல்லை. எங்கள் வருமானம் ஹோம் மேட்ச் அன்று கோர்ட்டைச் சுற்றிக் கட்டும் பேனர்தான். அதைக் கொடுக்கும் ஜவுளிக்கடைக்காரருக்குத் தன் ஊர்க் கூட்டம் வேண்டும். வாணியம்பாடியும் அரக்கோணமும் ஆரணியில் மோதினால் ஆரணிக்காரர் எதற்கு நிற்கப் போகிறார்? அந்த யோசனை ஒரே கூட்டத்தில் விழுந்தது.

ஜோடி ஊர்கள்

நாங்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பழைய ஏற்பாடு. பசிபிக் கரைப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் பாக்-10 லீக்கில் பத்து அணிகளை ஐந்து ஜோடிகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஒரு ஜோடி, அரிசோனா மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரு ஜோடி. ஒரு அணி அந்தப் பக்கம் போனால் வியாழன் ஒருவரோடு, சனி மற்றவரோடு ஆடிவிட்டுத் திரும்பும். ஒரு பயணம், இரண்டு மேட்ச். படிக்கிற பிள்ளைகள் வகுப்பைத் தவறவிடாமல் இருக்கவும் அது உதவியது.

எங்கள் எட்டு ஊரும் நான்கு ஜோடியாக விழுந்தன: வாணியம்பாடி–திருப்பத்தூர், குடியாத்தம்–ஆம்பூர், வேலூர்–ஆரணி, அரக்கோணம்–ராணிப்பேட்டை. கடைசி ஜோடிக்கு இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கொஞ்சம் இழுத்துக் கட்டியதுதான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேட்ச். ஒரு ஜோடி இன்னொரு ஜோடியின் ஊர்களுக்குப் போகும். சனிக்கிழமை ஒருவர் ஒரு ஊரில், மற்றவர் மற்ற ஊரில். ஞாயிறு இடம் மாறிக்கொள்வார்கள். ஒரு வார இறுதியில் எட்டு மேட்ச் முடிந்துவிடும். ஆறு வார இறுதியில் 48. மீதி எட்டும் ஜோடிக்குள் ஆடும் மேட்சுகள், அவை வாரநாள் மாலையில். முதல் வருடம் 14 ஞாயிறுகளில் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை இழுத்தது இப்போது ஆறு வார இறுதியிலும் சில வாரநாள் மாலையிலும் அடங்கியது.

அரக்கோணத்தின் மேற்குப் பயணம் நான்கு என்பது இரண்டானது. குடியாத்தம் போய், அங்கிருந்து ஆம்பூர், திரும்பி வீடு: சுமார் 255. வாணியம்பாடி, திருப்பத்தூர், வீடு: சுமார் 320. ஆக 1,050 கிலோமீட்டர் 580-க்குள் வந்துவிட்டது. சுங்கச்சாவடியில் மட்டும் ஒரு சிறு எரிச்சல். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் கிடைக்கும் சலுகை, சனி மதியம் போய் ஞாயிறு ராத்திரி வருகிறவர்களுக்குக் கிடையாது.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். எந்த ஃபிக்சர் போட்டாலும் வேலூருக்குத்தான் பயணம் குறைவு, நடுவில் இருப்பதால். பேஸ்பாலில் சியாட்டில் மரைனர்ஸ் வடமேற்கு மூலையில் ஒண்டியாக இருப்பதால் பெரும்பாலான வருடங்களில் எல்லோரையும் விட அதிக மைல் பறக்கிறார்கள். அட்டவணைக்காரர் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இங்கே வேலூர் கிளப் பொது வேன் நிதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது. முணுமுணுப்போடுதான்.

சனியில் எது, ஞாயிறில் எது

எல்லா நேரத்தையும் தின்றது இந்த ஒரு கேள்விதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது.

ஆம்பூர் அணியில் பாதிப் பேர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். சனிக்கிழமையும் வேலை உண்டு. கூட்டத்தில் அவர்கள் கேப்டன் எழுந்து மாஸ்டரிடம் சொன்னது:

“சார், எங்க பசங்க கேட்டைத் தாண்டறதே அஞ்சரை. சனிக்கிழமை அரக்கோணத்துல போய் எப்ப சார் நிக்கறது? ராணிப்பேட்டைன்னா எட்டு மணிக்கு வந்துடுவோம். அரக்கோணத்தை ஞாயிறுக்கு வெச்சிடுங்க.”

நியாயமான பேச்சு. ஷிப்ட் முடிந்து போகிறவர்களுக்குச் சனியன்று பக்கத்து ஊர், ஞாயிறு தூரத்து ஊர் என்பதுதான் தோது. ஆனால் ஞாயிறு இரவு திரும்புகிறவர்கள் கோணத்தில் அது தலைகீழ். தூரத்து ஊரைச் சனிக்கிழமையே முடித்துவிட்டு, ஞாயிறன்று வீட்டுப் பக்கம் நகர்ந்து வந்து ஆடினால் திங்கள் காலை வேலைக்கு ஆள் உருப்படியாகப் போவான். அரக்கோணத்துக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள்: திருப்பத்தூர் சனி, வாணியம்பாடி ஞாயிறு.

இரண்டையும் கொடுத்துவிடலாமே என்றால், அங்கேதான் ஜோடி முறையின் முடிச்சு. அரக்கோணம் சனிக்கிழமை திருப்பத்தூர் போனால், அன்றைக்கு ராணிப்பேட்டை வாணியம்பாடிக்குத்தான் போக முடியும். ஞாயிறு அவர்கள்தான் கோடியிலிருந்து திரும்புவார்கள். ஆம்பூருக்கு ராணிப்பேட்டையைச் சனியில் கொடுத்தால், குடியாத்தம் சனிக்கிழமை அரக்கோணம் ஓட வேண்டும். ஜோடியில் ஒருவருக்குத் தோதாகப் போடுவது எல்லாமே மற்றவர் தலையில் விழும். ஷிப்ட் உள்ள அணிக்கு முதல் உரிமை, மற்றபடி ஒரு சுற்றுப்பயணத்தில் ஒருவர் விட்டுக்கொடுத்தால் அடுத்ததில் மற்றவர் என்று முடிவு செய்தோம். குடியாத்தம் இன்றுவரை இதை முழுமனதாக ஏற்கவில்லை. அவர்கள் கைத்தறிக்காரர்கள், பீடிக்கட்டு ஏற்றுகிறவர்கள். ஷிப்ட் என்று பெயர் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை அவர்களுக்கும் வேலைநாள்தான். அந்தக் குறை நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பேஸ்பாலில் ஊரைவிட்டுக் கிளம்பும் நாளின் மேட்சைப் பெரும்பாலும் பகலிலேயே வைக்கிறார்கள், அணி நேரத்தோடு விமானம் ஏறட்டும் என்று. நம் கத்திரி வெயிலில் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு கோர்ட்டில் ஆளை இறக்கினால் மேட்ச் நடக்காது, குளுக்கோஸ்தான் ஏற்ற வேண்டியிருக்கும். காலை ஏழு மணி என்றால் கூட்டம் வராது, பேனர்காரர் கோபித்துக்கொள்வார். ஐந்தரைக்குத் தொடங்கி, ஃபோகஸ் லைட்டில் முடித்து, எட்டு மணிக்குள் வேன் புறப்பட வேண்டும் என்பது விதியானது. பரிசளிப்பு, பொன்னாடை, ‘ஒரு நிமிடம் பேசுகிறேன்’ எல்லாம் சனிக்கிழமைக்குத் தள்ளப்பட்டன. இந்த லீக்கின் மிகப் பெரிய சீர்திருத்தம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த ஒரு இரவு

சனி இரவு எங்கே படுப்பது என்பது முதல் வருடத்தில் எழாத கேள்வி. இடமும் ராத்திரிச் சாப்பாடும் காலை டிபனும் ஹோம் அணியின் பொறுப்பு என்று வைத்தோம். முதல் வார இறுதியில் விருந்தாளி அணி ஒன்றைக் கல்யாண மண்டபத்தின் மேல்மாடி ஹாலில் படுக்க வைத்தார்கள். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி இரண்டு மணி வரை உஷ்ணத்தை இறக்கிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொசுவிடம் மாட்டினார்கள். மறுநாள் அந்த அணி மூன்று நேர் செட்டில் தோற்றது. அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் அவர்களுடைய செட்டர் நல்ல பையன், அன்று பந்து அவன் விரலில் நிற்கவேயில்லை.

என்.பி.ஏ.வில் இதைப் பணம் போட்டு அலசுகிறார்கள். ஐந்து இரவில் நான்கு மேட்ச் என்ற கொடுமையை 2017-18 சீசனிலிருந்து ஒழித்தார்கள். அதற்கு இடம் பண்ண சீசனையே முன்கூட்டித் தொடங்க வேண்டியிருந்தது. பேஸ்பாலில் 1992 முதல் 2011 வரையான மேட்சுகளை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசியபோது, மேற்கிலிருந்து கிழக்கே பறந்து உடல் கடிகாரம் குழம்பிய அணிகளுக்குத்தான் பாதிப்பு கூடுதல் என்று தெரிந்தது. சொந்த ஊருக்குத் திரும்பி வந்து ஆடும் அணிக்கும் அது உண்டாம். நமக்கு அந்தக் கவலை கிடையாது, அரக்கோணத்துக்கும் திருப்பத்தூருக்கும் ஒரே கடிகாரம். தூக்கம் கெடுவது மட்டும் எல்லோருக்கும் பொது.

அடுத்த வாரத்திலிருந்து கீழ்த்தளம், ஆளுக்குப் போதுமான ஃபேன், குடிக்க கேன் தண்ணீர் என்று மூன்றையும் எழுதியே கொடுத்தோம். நான்காவதை எழுதாமல் வாயால் சொன்னோம்: ஆம்பூரில் சனி ராத்திரி பிரியாணி வேண்டாம், ஞாயிறு மேட்ச் முடிந்து பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். கத்திரிக்காய் தொக்கோடு இரண்டு பிளேட் ஏற்றிவிட்டு வந்த ஒரு பிளாக்கர் ஞாயிறன்று நெட்டுக்கு மேலே எழும்பாததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆகாத நாட்களிலிருந்து தொடங்குவது

முதல் வருடத்தின் மிக மோசமான வாக்கோவருக்குத் தூரம் காரணமில்லை. வாணியம்பாடி அணிக்கு ஆரணியில் மேட்ச், வேன் கிடைக்காததால் பஸ்ஸில் கிளம்பினார்கள். வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால் நிற்க இடமில்லை. சித்திரா பௌர்ணமி. திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற கூட்டம் கண்ணமங்கலம் வழியாகப் போகும் எல்லா பஸ்ஸையும் பிடித்துக்கொண்டிருந்தது. ஆரணி பஸ்ஸும் அதே சாலையில்தான் போக வேண்டும். இரண்டு மணி நேரம் தொங்கிப் பார்த்துவிட்டு அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆரணியில் லைட் போட்டு, கூட்டம் கூடி, எதிரணி வரவில்லை.

சுழற்சி முறையில் அணிகளின் எண்ணைத்தான் சுழற்றுகிறோம், பஞ்சாங்கம் அதில் எங்கேயும் வராது. பெரிய லீக்குகள் வேலையைத் தொடங்குவதே கோர்ட் எந்தெந்த நாள் கிடைக்காது என்ற பட்டியலிலிருந்துதான். என்.பி.ஏ.வின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஊரைவிட்டு நீண்ட பயணம் கிளம்பிவிடும், ஏனென்றால் அப்போது அந்த ஊரில் மாட்டுச் சந்தையும், ரோடியோ என்ற மாடு, குதிரை அடக்கும் போட்டியும் நடக்கும். 2010-இல் வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்ததை ஒட்டி அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணி தொடர்ந்து 14 மேட்சை வெளியூரிலேயே ஆடியது. ஐ.பி.எல். 2009-இல் தேர்தலால் தென்னாப்பிரிக்காவுக்கே போனது. 2014-இல் முதல் 20 மேட்ச் ஐக்கிய அரபு அமீரகத்தில். (தேர்தல் தேதி மாறுவது வேலூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. 2019-இல் ஊர் உலகமெல்லாம் ஓட்டுப் போட்டு முடித்த பிறகு ஆகஸ்டில் நாங்கள் தனியாகப் போட்டோம்.) 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸ் ஒரு மேட்சோடு சேப்பாக்கத்தை விட்டு புனேவுக்குப் போக, ரசிகர்களை ஏற்றிக்கொண்டு ஒரு தனி ரயிலே போனது.

இரண்டாம் வருடம் நாங்களும் காலண்டரை விரித்து முதலில் ஆகாத நாட்களை அடித்தோம். பௌர்ணமியை ஒட்டிய வார இறுதிகளில் ஆரணியில் மேட்ச் இல்லை. பக்ரீத் வாரம் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வேறு வேலை. ஜூனில் பள்ளி திறந்தால் பாதி கோர்ட்டுகள் போய்விடும். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு ஊருக்குள் வேன் நுழையாது.

குடியாத்தம்-ஆம்பூர் ஜோடியை அந்த வாரம் ஸ்பர்ஸ் போல வெளியூருக்கு அனுப்பிவிடலாம் என்று எழுதினோம். குடியாத்தம் கேப்டன் சிரித்தார். “அண்ணா, சிரசு அன்னிக்கு ஊரை விட்டு வெளிய எங்களை எங்க அனுப்பறீங்க? எங்கம்மா வீட்டுக்குள்ள சேர்க்கமாட்டாங்க.” பெரிய லீக்கில் அரங்கத்தில்தான் திருவிழா, ஆட்டக்காரன் சும்மா இருக்கிறான். எங்கள் லீக்கில் திருவிழாவே ஆட்டக்காரன் வீட்டில். அவர்கள் புத்தகத்திலிருந்து அப்படியே எடுக்க முடியாத பக்கங்களில் இதுவும் ஒன்று. அந்த வார இறுதியை எட்டு அணிக்கும் விடுமுறையாக விட்டோம், அதையே விட்டுப்போன மேட்சுகளுக்கான கையிருப்பாகக் குடியாத்தம் தவிர மற்றவர்களுக்கு வைத்தோம்.

பாதைக்கும் ஒரு கையிருப்பு தேவை. 2025 மே 8 அன்று தர்மசாலாவில் ஐ.பி.எல். மேட்ச் பாதியில் நின்று, விமானமும் பறக்க முடியாத நிலையில், இரண்டு அணிகளையும் சாலை வழியாக ஜலந்தருக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தனி வந்தே பாரத் ரயிலில் டெல்லி சேர்த்தார்கள். போர்ச் சூழலின் அவசரம் அது, நம் கதைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஆனாலும் வேன் நின்றால் ரயில் என்பதை எழுதி வைக்கும் யோசனை எங்களுக்கு அங்கிருந்துதான் வந்தது. எங்கள் ஊர்களில் பெரும்பாலானவை சென்னை–ஜோலார்பேட்டை பாதையிலேயே இருக்கின்றன. ஒரு ஞாயிறு இரவு வாணியம்பாடியில் வேனின் கிளட்ச் போனபோது அரக்கோணம் பையன்கள் அங்கேயே படுத்து, அதிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது நிற்கும் இடம்

புது முறையில் சரியாகாதது வாரநாள் மேட்ச். வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் புதன்கிழமை மாலை ஆடுவது சுலபம். அரக்கோணத்துக்கும் ராணிப்பேட்டைக்கும் அது வேதனை. இரண்டில் ஒன்றை ஒன்பதரைக்குத்தான் தொடங்க முடிந்தது.

சோளிங்கரும் போளூரும் சேரக் கேட்டிருக்கின்றன. சேர்ந்தால் பத்து அணி, ஐந்து ஜோடி. அரக்கோணத்துக்குச் சோளிங்கர், ஆரணிக்குப் போளூர், வேலூருக்கு ராணிப்பேட்டை என்று ஜோடிகள் இன்னும் நெருக்கமாகும். ஐந்து ஜோடி என்றால் ஒவ்வொரு வார இறுதியிலும் ஒரு ஜோடிக்கு எதிர் ஜோடி இருக்காது. அந்த இரண்டு ஊரும் அப்போது தங்களுக்குள் மோதிக்கொள்ளலாம், பாக்-10 காரர்களுக்கு இருந்த அதே வசதி. புதன்கிழமைத் தொல்லை தீர்ந்தது.

ஆனால் ஆறு வார இறுதி பத்தாகும். ஏப்ரல் நடுவில் தொடங்கி, சிரசு வாரத்தையும் பக்ரீத் வாரத்தையும் விட்டுப் பார்த்தால் ஜூலை வந்துவிடுகிறது. ஜூனில் பள்ளி திறந்த பிறகும் சனி, ஞாயிறு மாலைகளில் கோர்ட்டும் லைட் இணைப்பும் தருவார்களா என்று நான்கு தலைமை ஆசிரியர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. இரண்டு பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். மற்ற இருவரின் பதில் வந்த பிறகுதான் சோளிங்கருக்கும் போளூருக்கும் பதில் சொல்ல முடியும்.